ஓடைக்கரையில இருக்குற அந்த சின்ன பொத்த கண்டா விட்டுருங்க

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை நம்ம மாவட்டப் பக்கத்துல ஒரு சின்ன மீன்கொத்திப் பறவையோட கலர் போட்டோ போட்டிருந்தீங்க. சிவப்பு மூக்கு, மஞ்ச வயிறு, முதுகு கருநீலம், தலையில ஒரு மாதிரி ஊதாவும் காவியும் கலந்த நெறம், நனைஞ்ச கொடியில உக்காந்திருந்துச்சு. எடுத்தவருக்கு என்னோட கும்பிடு, அத போட்டோவுல பிடிக்கிறது லேசுப்பட்ட காரியமே இல்ல. ஆனா படத்துக்கு கீழ எழுதியிருந்த நாலு வரி தான் எனக்கு ராத்திரி உறக்கத்த கெடுத்துப்போட்டு. தலைப்பு "குமரிக்கு வந்த வெளிநாட்டு விருந்தாளி". அதுக்குக் கீழ எந்த ஊரு, எந்தப் பாலத்துல இறங்கணும், ஓடைக்கு எந்தக் கரையில கூடு இருக்குன்னு கல்யாண பத்திரிகையில வழி போடுற மாதிரி அத்தனையும் போட்டிருந்தீங்க. இந்த ரெண்டையும் பத்தி எழுதணும்னு தான் மொபைல்ல டைப் பண்ணிக்கிட்டு இருக்கேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கிடணும்.

நான் குலசேகரத்துக்கு மேல பேச்சிப்பாறை போற வழியில முப்பது வருஷத்துக்கு மேல ரப்பர் பால் வெட்டுறவன். வெள்ளனே நாலு மணிக்கு நெத்தியில லைட்ட கட்டிக்கிட்டு இறங்குனா ஒம்பது மணிக்குத் தான் வெட்டு முடியும், அப்புறம் சிரட்டையில பால் ஊறி நிக்கிற வரைக்கும் ஒரு சின்ன ஓய்வு, அந்த நேரத்துல எங்க தோட்டத்துக்கும் காட்டுக்கும் நடுவுல ஓடுற ஓடைக்கரையில ஒரு பாறையில உக்காந்து தான் கஞ்சி குடிக்கிறது. பறவைய பாக்கணும்னு யாரும் எனக்கு சொல்லித் தரல, அங்க தினமும் உக்காந்ததுனால கண்ணுல பட்டது தான் எல்லாம்.

மொதல்ல அது விருந்தாளி இல்லங்கிறத சொல்லிருதேன். இங்கிலீஷ்ல அதுக்கு ஓரியண்டல் டுவார்ஃப் கிங்ஃபிஷர்னு பேரு. மீன்கொத்தி சாதி தான். நம்ம பக்கத்து மத்த மீன்கொத்திக்கு ஒரு கால்ல நாலு விரல், இதுக்கு மூணு தான், அதுனால பழைய ஆளுங்க த்ரீ டோட் கிங்ஃபிஷர்னும் சொல்லுவாங்க. 1758-லயே லின்னேயஸ்ங்கிற ஸ்வீடன் விஞ்ஞானி இதுக்கு விஞ்ஞானப் பேரு வச்சாச்சு, அப்போ நேத்து இன்னிக்கு கண்டுபிடிச்ச பறவை ஒண்ணும் இல்லன்னு தெரியுது பாருங்க. கேரளாவுல மேனிப்பொன்மான்னு சொல்றாங்க, மீன்கொத்திக்கு அவங்க பேரு பொன்மான். 1956 வரைக்கும் நம்ம மாவட்டமும் திருவிதாங்கூர்-கொச்சியில தான இருந்துச்சு, எங்க அம்மச்சி எல்லா மீன்கொத்தியையும் பொன்மான்னு தான் சொல்லுவா. பழைய தமிழ்ல மீன்கொத்திக்கு சிரல்னும் சிச்சிலின்னும் பேரு உண்டு, அது எனக்கு என் மக பள்ளிக்கூடத்துல படிச்சுட்டு வந்து சொன்னது. சிச்சிலிங்கிற பேர சொல்லிப் பாருங்க, அது கத்துற மாதிரியே இருக்கு, ஊசியால காத்த கீறுன மாதிரி ஒரு மெல்லிய கீச்சு, சத்தம் வந்த பக்கம் திரும்புறதுக்குள்ள ஆள் போயிருக்கும்.

மேற்குத் தொடர்ச்சி மலை நெடுக உண்டு இது, கடல் தாண்டி இலங்கையில உண்டு, அந்தாண்ட வடகிழக்கு மாநிலம், பர்மா, தாய்லாந்து, மலேசியான்னு போகுது அதோட எல்லை. ஆனா ஒண்ணு, கொங்கண் பக்கம் மகாராஷ்டிராவுல இது ஜூன் மாசம் மொத மழையோட தான் வந்து எறங்கும், கூடு கட்டி குஞ்சு பொரிச்சு மழை ஓஞ்சதும் போயிரும்னு சொல்றாங்க, உங்க நிருபர் தம்பிக்கு அத எங்கயாவது படிச்சதுல தான் இந்த விருந்தாளிக் குழப்பம் வந்திருக்கும்னு நெனைக்கேன், அவர நான் குத்தம் சொல்லல. மழையோட வந்தாலும் அது பொறக்குறது இந்த மலையில, முட்டை வைக்கிறது இந்த மண்ணுக்குள்ள. பெத்தபொறந்த வீட்டுக்கு வர்ற புள்ளைய யாராவது விருந்தாளின்னு சொல்லுவோமா? விருந்தாளின்னு எழுதிட்டா படிக்கிறவன் என்ன நெனைப்பான், நாலு நாள் இருந்துட்டு போயிரும், அதுக்குள்ள போய் பாத்துருவோம்னு தான. அதோட வீடு இங்க இருக்குன்னு அவனுக்கு தோணவே தோணாது. என்னோட சங்கடமெல்லாம் அந்த வீட்ட பத்தித் தான்.

அந்த வீடு எப்படி இருக்கும்னு பாத்திருக்கீங்களா ஐயா? நான் மொத மொதல்ல பாத்தப்ப நண்டு வளைன்னு தான் நெனைச்சேன். ஓடை வளையுற எடத்துல தண்ணி கரைய அரிச்சு செங்குத்தா ஒரு ஆள் ஒயரத்துக்கு செம்மண் சுவரு மாதிரி நிக்கும்லா, மேல வேரு தொங்கும், பக்கத்துல பெரணிச்செடி கெடக்கும், அந்த சுவத்துல ரெண்டு மூணு விரல் நுழையுற அளவுக்கு ஒரு பொத்து. அவ்வளவு தான். அத அது தோண்டுற அழகு இருக்கே, ஒரு மழை விட்ட காலையில கஞ்சிப்பாத்திரத்த மடியில வச்சுக்கிட்டு குடிக்க மறந்து பாத்துட்டு இருந்தேன். எதுத்தாப்புல இருக்குற குச்சியில இருந்து கிளம்பி நேரா மண்ணுல மூக்கால குத்தும், விழப்போற மாதிரி தடுமாறி திரும்பப் போய் குச்சியில உக்காரும், தலைய மேலயும் கீழயும் ஆட்டும், மறுபடி ஒரு குத்து. சோடி ரெண்டும் மாறி மாறி. நிக்க ஒரு பிடி கிடைச்ச பெறகு உள்ள இருந்து மண்ண பின்னங்காலால தள்ளி வெளிய எறியும், பொத்து வாசல்ல இருந்து செம்மண் பொடி பொலபொலன்னு ஓடையில விழும். பதினஞ்சு இருபது கிராம் தான் இருக்கும் அது, நம்ம உள்ளங்கையில அடங்கிரும், மூக்கு நுனியில இருந்து வால் வரைக்கும் அஞ்சு இஞ்சு தேறும். அது தோண்டுற குழி சில எடத்துல ஒரு மீட்டர் வரைக்கும் உள்ள போகும்னா நம்புவீங்களா. லேசா மேல் நோக்கி ஏறுற மாதிரி தோண்டும், தண்ணி உள்ள தங்காம இருக்க. யாரு பிளான் போட்டுக் குடுத்தா அதுக்கு?

குழி முடிவுல கொஞ்சம் அகலமா ஒரு அறை, அதுல வெறும் மண்ணு மேல உருண்டையா வெள்ளை முட்டை, நாலு அஞ்சுன்னு வைக்கும். ஏறத்தாழ பதினேழு நாள் அடைகாக்கணும், ஆணும் பொண்ணும் மாறி மாறித்தான் அடைகாக்கும், பொரிச்ச குஞ்சு கூட்ட விட்டு வெளிய வர இன்னும் ஒரு இருபது நாள். தோண்டுற நாளையும் சேத்துக் கணக்கு போட்டா ஒண்ணரை மாசத்துக்கு மேல அந்த ஒரு சாண் மண்ணு அசையாம நிக்கணும். மழைக்காலத்துல ஏன் இந்தப் பாடுன்னா, மண்ணு எளகி இருந்தாத்தான் அந்த மூக்கால தோண்ட முடியும், அதோட அப்ப தான் தீனி. மீன்கொத்தின்னு பேரே தவிர இது மீன் மட்டும் திங்குற சாதி இல்ல. சிலந்தி, வெட்டுக்கிளி, சின்னத் தவளை, குட்டி நண்டு, அரணைக்குட்டி, பல்லி எல்லாம் கொண்டு போகும். ஒரு நாள் அதோட ஒடம்பு நீளத்துக்கே இருந்த ஒரு அரணைக்குட்டிய கொண்டுவந்து கெளையில டப்பு டப்புன்னு அடிச்சு அடிச்சு தலைகீழா திருப்பி வாயில பிடிச்சு பொத்துக்குள்ள அம்பு மாதிரி பாஞ்சுச்சு. வேகத்த கொறைக்காமலே நொழைஞ்சிரும், முட்டிருமோன்னு நமக்குத் தான் நெஞ்சு பதறும்.

சுசீந்திரம் தேரூர் பக்கம் குளத்துல மின்கம்பியில உக்காந்திருக்குற மீன்கொத்திங்க ஒரு எடம் இல்லன்னா இன்னொரு எடம்னு போயிரும், வெள்ளைத் தொண்டை மீன்கொத்தி எல்லாம் வயலு, விளை, வீட்டு முற்றம்னு எங்கயும் பொழைச்சுக்கிடுவான். இந்தக் குட்டிக்கு நெழலு வேணும், ஈரம் வேணும், ஓடை வேணும், பக்கத்துல ஒடைஞ்சு விழாத மண்கரை வேணும், நாலுல ஒண்ணு கொறஞ்சா அந்த எடத்துல இல்ல. ரப்பருக்குள்ள கூட ஓடைக்கரையில காட்டுமரம் நாலு விட்டு வச்ச எடத்துல தான் பாத்திருக்கேன், சுத்தமா வெட்டித் தெளிச்ச தோட்டத்துல ஒரு தடவ கூட பாத்ததில்ல. 2017 நவம்பர் கடைசியில ஒக்கி புயல் வந்து எங்க ரப்பரையும் வாழையையும் துடைச்சுப் போட்டுட்டுப் போச்சே, அப்போ ஓடை ஓரத்துல ஒரு பெரிய மரம் வேரோட சாஞ்சு, வேருல பிடிச்ச மண்ணு ஒரு சுவரு மாதிரி நிமிந்து நின்னுச்சு. நாங்க எல்லாரும் தலையில கைய வச்சுக்கிட்டு இருந்த வருஷம் அது. அடுத்த மழைக்கு அந்த வேர்மண்ணுல ஒரு சோடி பொத்து போட்டிருந்துச்சு. அத பாத்த அன்னிக்கு எனக்கு கண்ணு கலங்கிட்டு, எதுக்குன்னு இன்னிக்கும் சொல்லத் தெரியல.

இப்போ நடந்த காரியத்துக்கு வாரேன். மூணு வருஷத்துக்கு முன்ன அந்த ஓடையில பக்கச்சுவர் கட்டுற வேலை வந்துச்சு. கோடையில ஓடை காஞ்சு கெடந்த மூணு மாசமும் ஒருத்தரும் எட்டிப் பாக்கல, ஜூன் பாதியில மழை அடிச்சு தண்ணி முழங்காலுக்கு ஓடும்போது ஜேசிபி வந்து நிக்கு. நான் வேலைய எடுத்தவர்ட்ட போய் சொன்னேன், அண்ணே இந்த வளைவுல மட்டும் பறவைக் கூடு இருக்கு, ஒரு பத்தடி விட்டுட்டு அந்தப் பக்கம் மொதல்ல பாருங்க, ஆகஸ்ட்ல வந்து இத எடுத்துக்கிடுங்கன்னு. அவரு ஆபீஸ்ல கேளுங்கன்னாரு. ஆபீஸ்ல போய் மனு குடுத்தேன், அங்க இருந்தவரு வாசிச்சுட்டு, குருவிக்காக எஸ்டிமேட்ட மாத்த முடியுமான்னு கேட்டு மடிச்சு வச்சுட்டாரு. மறுநாள் பால் எடுத்துட்டு வந்து பாக்கேன், வளைவே இல்ல. கத்தியால கேக் வெட்டுன மாதிரி சரிவா சீவி எடுத்திருந்தாங்க.

அந்தச் சோடியில ஒண்ணு, ஆணா பொண்ணான்னு எனக்குத் தெரியாது, ரெண்டும் பாக்க ஒண்ணு போலத் தான் இருக்கும், வாயில ஒரு சின்னத் தவளையோட வந்துச்சு. பழைய குச்சி இல்ல, பக்கத்துல இருந்த ஜேசிபி கம்பியில உக்காந்துச்சு. பொத்து இருந்த எடத்துக்கு நேரா பறந்து போய், மண்ணு இல்லாத வெறும் காத்துல ஒரு நிமிசம் அப்படியே சிறகடிச்சு நின்னு திரும்பிச்சு. மறுபடியும் போச்சு. நான் இருந்த அரை மணி நேரமும் அந்தத் தவளைய அது விழுங்கவே இல்ல, கீழயும் போடல. உள்ள குஞ்சு இருந்துச்சுன்னு அதுல தான் எனக்குத் தெரிஞ்சுது. டிரைவர் தம்பிக்கே முகம் செத்துப் போச்சு, அண்ணே எனக்குத் தெரியாதுண்ணே தெரிஞ்சா நிறுத்தியிருப்பேன்னான். அவன் சொன்னது உண்மை தான், அவனுக்கு யாரு சொன்னா?

பக்கச்சுவரே வேண்டாம்னு நான் சொல்ல வரல. வீடு இருக்கு, ரோடு இருக்கு, வெள்ளம் வந்தா கரை இடியும், எங்க பக்கத்து ஆளுங்களுக்கே அது வேணும். ஆனா எதுத்தாப்புல வெறும் காடு நிக்கிற கரைக்கு யாருக்காக சுவரு? வேலை செய்யணும்னா சனவரியில இருந்து ஏப்ரலுக்குள்ள ஓடை வத்திக் கெடக்கும்போது செய்யலாமே, சிமெண்டும் நல்லா இறுகும், மழையில போட்ட கான்கிரீட்டு எப்படி இருக்கும்னு எங்க ஊரு கொத்தனார்ட்ட கேட்டா சொல்லுவாரு. ரோட்டோரம் மலைச்சரிவ சீவுற வேலையும் அப்படித்தான், அந்த வெட்டுமண் சுவத்துலயும் இதுங்க குழி போடும். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும், காட்ட ஒட்டின ஓடையில மட்டும், மண்கரைய தொடாதீங்க. கேக்குறது அவ்வளவு தான். 1972-ல வந்த வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துலயே காட்டுப்பறவையோட முட்டையையும் கூட்டையும் கலைக்கிறது வேட்டை கணக்குல தான் வரும்னு எங்க பக்கம் வர்ற ஃபாரஸ்ட் ஆளு ஒருத்தரு சொல்லியிருக்காரு, அந்த ஒரு வரிய உங்க பேப்பர்ல கொட்டை எழுத்துல போட்டா நல்லா இருக்கும்.

இப்போ உங்க பேப்பர் வழி சொன்ன விசயம். செய்தி வந்த அன்னிக்கு பதினோரு மணிக்கெல்லாம் அந்தப் பாலத்துல நாலு காரும் ஏழெட்டு பைக்கும். நான் போய் பாத்தேன். எல்லாரும் நல்ல புள்ளைங்க தான், பறவைய பிடிக்கணும்னு வந்தவங்க இல்ல, பாக்கணும்னு வந்தவங்க. ஆனா பொத்துக்கு நேரா பத்தடியில வரிசையா முக்காலி போட்டு கேமரா வச்சா அது எப்படி உள்ள போகும்? ஒருத்தரு மொபைல்ல அதோட சத்தத்தையே போட்டுப் போட்டு கூப்புடுதாரு. இன்னொருத்தரு படம் கிளியரா வரலன்னு பொத்துக்கு முன்னால தொங்குன கொடிய ஒடிச்சுப் போட்டாரு. அந்தக் கொடி தான் ஐயா அதுக்கு கதவு, பாம்புக்கும் காக்காவுக்கும் வாசல் தெரியாம மறைச்சு வச்சிருந்த திரை. தீனியோட வந்த பறவை தூரத்துல மூங்கில்ல உக்காந்து தலைய ஆட்டிக்கிட்டே இருக்கு, கூட்டம் கலையுற வரைக்கும் உள்ள போகவே இல்ல. நான் சொன்னதும் பாதிப் பேரு மன்னிச்சுக்கிடுங்கன்னு சொல்லி கிளம்பிட்டாங்க. மீதிப் பேரு, பேப்பர்லயே போட்டிருக்கே நீங்க யாரு தடுக்கன்னு கேட்டாங்க. நான் பதில் சொல்ல முடியாம நின்னேன், பேப்பர்ல போட்டது வாஸ்தவம் தான.

மகாராஷ்டிராவுல ராய்கட் மாவட்டத்துக்காரங்க இந்தப் பறவைய தங்களோட மாவட்டப் பறவைன்னு சொல்லி கொண்டாடுறாங்க. மழைக்கு மட்டும் வர்றதுக்கே அங்க அந்த மரியாதை.

இன்னொண்ணு, இடையில சொல்ல விட்டுப்போச்சு. சிங்கப்பூர் மலேசியா பக்கம் இது ராத்திரியில தான் வலசை போகுமாம், லைட்டும் கண்ணாடியுமா நிக்கிற கட்டடத்துல மோதி நெறைய விழும்னு சொல்றாங்க. எங்க பக்கமும் இப்போ ஓடைய பாத்த மாதிரி முழுக் கண்ணாடி வச்சு ரிசார்ட்டும் வீடும் வருது. ரெண்டு வருஷத்துக்கு முன்ன அக்டோபர்ல தெரிஞ்ச ஒரு வீட்டு வராந்தாவுல மயங்கிக் கெடந்துச்சு ஒண்ணு, இளசு, மூக்கு முழுசா சிவக்காம மஞ்சளா இருந்துச்சு, நுனியில வெள்ளை. தண்ணிய வாயில ஊத்தப் போனாங்க, நான் வேண்டாம்னுட்டேன், ஊத்துனா மூச்சுல ஏறிரும். செருப்பு வாங்குன அட்டைப்பெட்டியில நாலு ஓட்டை போட்டு துணிய விரிச்சு வச்சு இருட்டா மூடி, யாரும் தொறந்து தொறந்து பாக்கக் கூடாதுன்னு சொல்லி மடியிலயே வச்சுக்கிட்டு இருந்தேன். ஒரு மணி நேரம் கழிச்சு உள்ள கடகடன்னு சத்தம். ஓடைக்கரையில கொண்டு போய் தொறந்தேன், என் பெருவிரல் மேல ரெண்டு நொடி நின்னுச்சு, அந்த மூணு விரலு நகமும் குத்துனது இப்பவும் நெனைவிருக்கு, ஒரு கீச்சு, போயிட்டு. அப்புறம் அந்த வீட்டுக்காரரு கண்ணாடிக்கு வெளிய சாக்குத் துணி தட்டி மாதிரி தொங்க விட்டிருக்காரு, பெறகு ஒண்ணும் அங்க மோதலன்னாரு.

ஐயா, உங்க கிட்ட நான் கேக்குறது ரெண்டு. அந்தச் செய்திக்கு ஒரு திருத்தம் போடுங்க, வெளிநாட்டுப் பறவை இல்ல, நம்ம மலையில கூடு வச்சு குஞ்சு பொரிக்கிற பறவைன்னு. இனிமே எந்தப் பறவையோட கூட்டு படம் வந்தாலும் எடத்தோட பேர போடாதீங்க, குமரி மாவட்டம்னு மட்டும் போட்டா போதும், பாக்கப் பிரியமுள்ளவன் ஓடைக்கரையில ரெண்டு மாசம் பொறுமையா உக்காந்தா தானா வந்து நிக்கும் அது. நெட்டுல இருக்குற உங்க பக்கத்துல அந்த வழிய இன்னிக்கே எடுத்துட்டா ரொம்ப உபகாரம், அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் மூணு நாள் தான் இருக்கு. எந்தப் பாலம்னு இந்தக் கடுதாசியில நான் எழுதல, உங்களுக்குத் தெரியும்.

இன்னிக்கு காலையில வெட்டு முடிச்சுட்டுப் போய் தூரத்துல நின்னு பாத்தேன். ஒடிச்சுப் போட்ட கொடிக்குப் பதிலா பக்கத்துல இருந்த ஒரு பெரணிய சாச்சு விட்டிருக்கேன், கையால தொட்டது அவ்வளவு தான். இருபது நிமிசம் ஒண்ணும் இல்ல. அப்புறம் மூங்கில்ல இருந்து ஒரு நீலக்கோடு மாதிரி வந்து உள்ள போச்சு, வாயில என்ன இருந்துச்சுன்னு தெரியல. உள்ள இருந்து மெல்லிசா குஞ்சு சத்தம் கேட்டுச்சு. இன்னும் ரெண்டு வாரம் ஆகும் அதுங்க வெளிய வர.

இப்படிக்கு,
குலசேகரம் பக்கத்துல இருந்து ஒரு பால்வெட்டுத் தொழிலாளி